சயாமுக்குப் போனவங்களுக்கு யாரு திதி கொடுப்பா?



மகாளய பட்சம் நெருங்குது. தர்ப்பண ஏற்பாடு வழக்கம்போல கோயில்ல நடக்கும். நேரம், கொண்டு வர வேண்டிய பொருள் விவரமெல்லாம் தனி அறிவிப்பா வரும். இந்தப் பதிவு அதுக்கு இல்லை. நம்ம தோட்டத்து லயங்கள்ல இருந்து 1943-ல் புறப்பட்டுப் போய், இன்னும் வீடு திரும்பாதவங்களைப் பத்தின பதிவு இது. கொஞ்சம் நீளமா இருக்கும். வேலையெல்லாம் முடிச்சிட்டு நிதானமா படிங்க. வீட்டுல வயசானவங்க இருந்தா வாசிச்சுக் காட்டுங்க, அது இன்னும் நல்லது.

"சயாமுக்குப் போனான், வரலை."

தோட்டத்துல பிறந்து வளர்ந்தவங்க இந்தப் பேச்சை ஒரு தடவையாவது கேட்டிருப்பீங்க. தாத்தாவோட அண்ணனா இருக்கும், பாட்டியோட முதல் வீட்டுக்காரரா இருக்கும், கொள்ளுத்தாத்தாவா இருக்கும். இந்த மூணு வார்த்தைக்கு மேல யாரும் பேச மாட்டாங்க. கேட்டா, "அதெல்லாம் ஜப்பான்காரன் காலத்துக் கதை, விடு"ன்னு சொல்லிட்டு எழுந்து போயிடுவாங்க.

இப்ப நம்ம பிள்ளைங்களுக்குச் சயாம்னா தாய்லாந்துன்னே தெரியாது. பாடாங் புசார் தாண்டி ஹாட்யாய்க்குத் துணிமணி வாங்கப் போறோமே, அந்த ரயில் பாதை வழியாத்தான் நம்ம ஆளுங்களைச் சரக்குப் பெட்டியில அடைச்சுக் கொண்டு போனாங்க.

எப்படி இது நடந்தது?

1941 டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பான் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 ஜனவரி 11-ல் கோலாலம்பூர் விழுந்தது. பிப்ரவரி 15-ல் சிங்கப்பூரும் விழுந்தது. பத்து வாரத்தில் வெள்ளைக்காரன் ஆட்சி முடிந்துபோனது.

தோட்டத்துத் துரைமார்கள் ஓடிவிட்டார்கள், இல்லையென்றால் சிறைக்குப் போனார்கள். தொழிலாளிகள் மட்டும் லயத்திலேயே நின்றுவிட்டார்கள். ரப்பரை வாங்க ஆள் இல்லை. பால் மரம் வெட்டினாலும் கூலி இல்லை. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி வரத்து சுருங்கிப்போனது. மரவள்ளிக்கிழங்கைத் தின்று, சாக்கைக் கிழித்து உடுத்தி, வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டை வைத்துக்கொண்டு ஒன்றும் வாங்க முடியாமல் காலம் தள்ளினார்கள். ஒரு சமூகமே பசியில் கிடந்த அந்த நேரத்தில்தான் "சயாமில் வேலை இருக்கு" என்ற அறிவிப்பு வந்தது.

ஜப்பான் படை பர்மாவைப் பிடித்திருந்தது. அங்கே இருக்கிற படைக்குச் சோறும் குண்டும் போக வேண்டும். மலாக்கா நீரிணை வழியாகக் கப்பலில் அனுப்பினால் எதிரி முழுகடித்துவிடுவான். அதனால் தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரைக்கும் 415 கிலோமீட்டருக்கு, மலையும் அடர்ந்த காடும் நிறைந்த இடத்தில், ஒரு ரயில் பாதை போட முடிவு செய்தார்கள். 1942 நடுவில் வேலை ஆரம்பித்தது. 1943 அக்டோபரில் இரண்டு பக்கத்துத் தண்டவாளமும் ஒன்று சேர்ந்தது. பல வருஷம் பிடிக்க வேண்டிய வேலை ஏறக்குறைய 16 மாதத்தில் முடிந்தது. எப்படி முடிந்தது என்றால், மனுஷ உயிருக்குக் கணக்குப் பார்க்காததால் முடிந்தது.

முதலில் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க் கைதிகளை இறக்கினார்கள், மொத்தம் 60,000 பேருக்கு மேல். அது பத்தவில்லை. பர்மியர்கள், ஜாவாக்காரர்கள், மலாய்க்காரர்கள், சீனர்கள் என்று ஆசியத் தொழிலாளிகளைத் திரட்டினார்கள். இவர்களுக்கு ஜப்பான்காரன் வைத்த பேர் 'ரோமுஷா'. மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கும் அதிகமானவர்கள் போனார்கள். அதில் பெரும்பாலோர் நம்ம தோட்டத்து ஆளுங்க. தமிழர்கள்தான் அதிகம். அவர்களோடு தெலுங்கர்களும் மலையாளிகளும் போனார்கள்.

ஆள் பிடித்த கதை

ஆரம்பத்தில் ஆசை காட்டினார்கள். ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி கூலி, சாப்பாடு இலவசம், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார்கள். பசியில் இருந்தவர்கள் நம்பிப் போனார்கள். சிலர் பெண்டாட்டி பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டே போனார்கள். மூன்று மாதம் ஆகியும் முதலில் போனவர்களில் ஒருத்தரும் திரும்பவில்லை. அதற்குப் பிறகு தானாகப் போக ஆள் இல்லை.

அப்புறம் பிடிக்க ஆரம்பித்தார்கள். இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டு, கொட்டகைக் கதவைச் சாத்தி, உள்ளே இருந்த ஆம்பளைகளை அப்படியே லாரியில் ஏற்றிய கதை பல ஊரில் சொல்லப்படுகிறது. ரோட்டில் நடந்து போனவர்களைப் பிடித்தார்கள். விடியக்காலையில் பெரட்டுக் களத்தில் நின்றவர்களை எண்ணி எடுத்தார்கள். காட்டுக்குள் ஓடி ஒளிந்தவர்கள் உண்டு. 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்த பிறகு, இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தால் சயாமிலிருந்து தப்பிக்கலாம் என்று சேர்ந்த இளைஞர்களும் உண்டு. தேசப்பற்றும் உயிர்ப்பயமும் ஒரே ஆளுக்குள்ளே இருந்திருக்கு. அதைக் குறை சொல்ல நமக்குத் தகுதி இல்லை.

இன்னொன்றும் சொல்லணும். இதைச் சொல்றது கஷ்டம்தான். ஜப்பான்காரனுக்கு நம்ம ஆளுங்க பேர் தெரியாது. "இந்தத் தோட்டத்திலிருந்து இத்தனை பேர் வேணும்"னு எண்ணிக்கைதான் சொல்வான். பேரை எழுதிக் கொடுத்தது யார்? தோட்டத்துக் கிராணிகளும் கங்காணிகளும்தான். அவங்களும் துப்பாக்கிக்குப் பயந்தவங்கதான்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு பெரியவர், கோயிலுக்குத் தவறாம வர்றவர், ஒரு நாள் அன்னதானம் முடிஞ்சு பாத்திரம் கழுவுற இடத்துல நின்னு பேசிக்கிட்டிருந்தப்ப இதைச் சொன்னார். அவரோட தாத்தா கிராணியா இருந்தவராம். முதல் தடவை கேட்டப்ப கல்யாணம் ஆகாதவங்க பேரை எழுதினாராம். இரண்டாவது தடவை, சொந்தபந்தம் இல்லாதவங்க. மூணாவது தடவை, எதிர்த்துப் பேசுறவங்க, கள்ளுக்கடையிலே சண்டை போடுறவங்க. அதுக்கப்புறம் யாரை எழுதினாருன்னு தாத்தா கடைசிவரைக்கும் சொல்லலையாம். "நான் எழுதலைன்னா என் பேரை எழுதியிருப்பான்"னு மட்டும் சொல்வாராம். சாகும்வரைக்கும் அந்த மனுஷன் கையெழுத்துப் போட வேண்டிய இடத்துல எல்லாம் பேனாவை எடுத்து ரொம்ப நேரம் யோசிப்பாராம்.

நம்ம பெரியவங்க ஏன் இதைப் பேச மாட்டேங்கிறாங்கன்னு அன்னிக்குத்தான் எனக்குக் கொஞ்சம் புரிஞ்சது. போனவன் வீடும் எழுதிக் கொடுத்தவன் வீடும் ஒரே லயத்துல இருந்தது. போர் முடிஞ்சும் அதே குழாயடியில தண்ணி பிடிச்சாங்க. அதே கோயில்ல தீமிதிக்குக் காப்புக் கட்டினாங்க. பேசாம இருந்ததாலதான் சேர்ந்து வாழ முடிஞ்சது போல.

காட்டுக்குள்ளே

நாலஞ்சு நாள் சரக்குப் பெட்டியில் நின்றபடி பயணம். பான் போங்கில் இறங்கினதும் நடை. சில கூட்டங்கள் நூறு, இருநூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்தன. பிள்ளையைத் தோளில் சுமந்தவர்களும் அந்த நடையில் இருந்தார்கள். தங்குவதற்கு மூங்கில் கொட்டகை. பாதிக் கொட்டகைக்குக் கூரை ஒழுங்காக இருக்காது.

1943 தொடக்கத்தில் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது, வேலையைச் சீக்கிரம் முடிக்கணும் என்று. "ஸ்பீடோ, ஸ்பீடோ" என்று கத்திக்கொண்டே அடித்த காலம் அது. ராத்திரியும் மூங்கில் பந்தம் கொளுத்தி வைத்துப் பாறை உடைத்தார்கள். அதே வருஷம் மே மாதத்தில் பருவமழை பிடித்துக்கொண்டது, மழையோடு வாந்திபேதியும் வந்தது. நீக்கே, சோங்குராய் பக்கத்து முகாம்களில் ஜனங்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். போர்க் கைதிகளும் செத்தார்கள், 12,000 பேருக்கு மேல். ஐந்து பேரில் ஒருத்தர். ஆசியத் தொழிலாளிகளில் செத்தவர்கள் சுமார் 90,000 பேர் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அதே காடு, அதே மழை, அதே ஜப்பான்காரன். அப்படியிருக்க நம்ம பக்கம் ஏன் இவ்வளவு?

கைதிகள் பட்டாளத்துக்காரர்கள். அவர்களுக்குள் அதிகாரி இருந்தார், டாக்டர் இருந்தார். மருந்து இல்லையென்றாலும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி, தட்டைக் கொதிநீரில் முக்கு, கக்கூஸ் குழியைத் தள்ளி வெட்டு என்று சொல்லவும், சொன்னதைச் செய்ய வைக்கவும் ஆள் இருந்தார்கள். நம்ம ஆளுங்களுக்கு அப்படி யாரும் இல்லை. தோட்டத்தில் துரை சொல்வான், கிராணி எழுதுவார், கங்காணி மேய்ப்பார். தானே கூடி முடிவெடுக்கிற பழக்கத்தையே அந்த வாழ்க்கை கொடுக்கவில்லை. பல தோட்டத்து ஆளுங்களைக் கலந்து போட்டதால் பக்கத்தில் படுத்திருந்தவன் யாரென்றே தெரியாது. ஆற்றுத் தண்ணீரை அப்படியே அள்ளிக் குடித்தார்கள். மேலே இருந்த முகாமில் செத்தவர்களின் உடம்பு அந்த ஆற்றில்தான் போனது.

எங்க பக்கத்துத் தோட்டத்துல திரும்பி வந்த தாத்தா ஒருத்தர் இருந்தார். நான் சின்னப் பையனா இருந்தப்ப பார்த்திருக்கேன். வலது கால் முன்னெலும்பிலே ஒரு பள்ளம் இருக்கும், எலுமிச்சம்பழத்தை வைக்கலாம். மூங்கில் கீறினதுதானாம். அந்தக் காட்டுல சின்னக் கீறல் பட்டாலே நாலு நாளில் புண்ணாகி எலும்பு தெரியுமாம். அவர் வீட்டு வேலியில மூங்கிலை வைக்க விடமாட்டார். எவ்வளவு தாகம் எடுத்தாலும் சுடுதண்ணிதான். கோயில் திருவிழாவுல மோர் கொடுத்தாலும் வாங்க மாட்டார்.

அவர் சொன்னதிலே ஒண்ணு மட்டும் எனக்கு மறக்கவே இல்லை. வாந்திபேதி வந்தப்ப நம்ம ஆளுங்க ஒரு கல்லை நட்டு மாரியாத்தான்னு கும்பிட்டாங்களாம். வேப்பிலை கிடைக்கலை. மூங்கில் இலையைக் கட்டினாங்களாம். மஞ்சள் இல்லை, ஆத்து மண்ணைப் பூசினாங்களாம். "நாளைக்கு யாரு இருப்பா யாரு இருக்க மாட்டான்னு தெரியாது. ஆனா ஆத்தா மட்டும் இருந்தா"ன்னார். அந்த முகாமை விட்டு வேற இடத்துக்கு நடந்தப்ப, கல்லைத் தூக்கிட்டுப் போக யாருக்கும் தெம்பு இல்லையாம்.

திரும்பி வந்ததும் வராததும்

பாதை முடிந்த பிறகும் எல்லாரையும் விடவில்லை. நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டு உடைத்த பாலங்களைச் சரிசெய்ய 1945 வரைக்கும் வைத்திருந்தார்கள். ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஆட்கள் ஊர் திரும்பினார்கள். சிலர் தாய்லாந்திலேயே தங்கிவிட்டார்கள்.

1931-ல் எடுத்த ஜனத்தொகைக் கணக்கில் சிங்கப்பூரும் சேர்ந்த மலாயாவில் இந்தியர்கள் ஏறக்குறைய 6 லட்சத்து 21 ஆயிரம் பேர். 16 வருஷம் கழித்து 1947-ல் எடுத்தபோது 6 லட்சத்துக்கும் கொஞ்சம் குறைவு. மற்ற இனங்களெல்லாம் பெருகின காலத்தில் நம்ம எண்ணிக்கை குறைந்தது. இதற்கு ரயில் மட்டும் காரணம் இல்லை. 1930-களின் பொருளாதார மந்தத்தில் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு, தோட்டத்திலேயே பசியிலும் காய்ச்சலிலும் போனவர்களும் உண்டு. ஆனால் ரயிலும் ஒரு பெரிய காரணம்.

எண்ணிக்கை அப்படி. வீட்டுக்குள்ளே அது எப்படி இருந்தது?

ஒரு பாட்டி சொன்னது இது. பாட்டிக்கு நாலஞ்சு வயசா இருக்கிறப்ப அவங்கப்பா போனாராம். செத்த சேதி வரலை. கூடப் போனவங்கள்ல திரும்பி வந்தவர் ஒருத்தர்தான், அவரும் "வழியிலே பிரிஞ்சுட்டோம், தெரியலை"ன்னுட்டாராம். பாட்டியோட அம்மா தாலியைக் கழட்டலை. பொட்டு அழிக்கலை. சொந்தக்காரங்க சொல்லிப் பார்த்தாங்களாம். "யாராவது பொணத்தைப் பார்த்தீங்களா?"ன்னு அந்த அம்மா கேட்டா, யாருக்கும் பதில் இல்லையாம். அப்படியே முப்பது வருஷம்.

அந்த அம்மா இறந்தப்ப வீட்டு வாசல்லயே சண்டையாம். சுமங்கலியா அனுப்புறதா, எப்படி அனுப்புறது? மஞ்சள் பூசிச் சிவப்புப் புடவை சாத்தணுமா வேண்டாமா? ஒரு பக்கம் "அவன் எப்பவோ போய்ச் சேர்ந்திருப்பான், ஊருக்குத் தெரியும்"னு சொல்ல, இன்னொரு பக்கம் "அவ வாழ்ந்தது சுமங்கலியாத்தானே"ன்னு சொல்ல, பொழுது சாயும் வரைக்கும் எடுக்கலையாம். கடைசியிலே பாட்டியே போய்ச் சிவப்புப் புடவையை எடுத்துட்டு வந்தாங்களாம். "எங்கம்மாவுக்கு என்ன தெரியுமோ அதுதான் எனக்கும்"னு சொல்லி அவங்களே போர்த்தினாங்களாம்.

இதைச் சொல்லிட்டுப் பாட்டி கேட்டாங்க: "தம்பி, எங்கம்மாவுக்கு வருஷா வருஷம் திதி கொடுக்கிறேன். எங்கப்பாவுக்கு என்னிக்குக் கொடுக்கிறது?"

அவங்க கேட்டதுதான் இந்தப் பதிவுக்கே காரணம்.

பேர் இருக்கிறவங்களும் இல்லாதவங்களும்

காஞ்சனபுரிக்குப் போனவங்க அங்கே இருக்கிற போர்க் கல்லறையைப் பார்த்திருப்பீங்க. புல்வெளி, வரிசை வரிசையாகக் கல், பூச்செடி. கிட்டத்தட்ட 7,000 பேர் அங்கே இருக்கிறார்கள். பக்கத்தில் சுங்காயில் 1,700-க்கு மேல், பர்மாவின் தன்பியூசாயாட்டில் 3,700-க்கு மேல். பெரும்பாலான கல்லில் பேர், படைப்பிரிவு, இறந்த தேதி எல்லாம் இருக்கும்.

இது தானாக வந்ததில்லை. முகாமில் இருந்தபோதே டாக்டர்களும் அதிகாரிகளும் யார் செத்தார், எங்கே புதைத்தோம் என்று திருட்டுத்தனமாக எழுதி, மூங்கிலுக்குள்ளேயும் மண்ணுக்குள்ளேயும் மறைத்து வைத்தார்கள். மாட்டினால் அடி உயிரை எடுத்துவிடும். அப்படியும் எழுதினார்கள். 1945 செப்டம்பரில், போர் முடிந்த கையோடு, ஒரு குழு அந்தப் பாதையிலேயே போய் 10,000-க்கும் மேற்பட்ட கல்லறைகளை அடையாளம் கண்டது. அந்தக் குறிப்புகள்தான் வழி காட்டின. அதை நினைத்து வயிறெரிய வேண்டாம். செத்த சகோதரனுக்கு அவர்கள் செய்த கடமை அது, கையெடுத்துக் கும்பிட வேண்டிய விஷயம்.

நம்ம ஆளுங்களுக்குப் போகும்போது பட்டியல் இருந்தது, இத்தனை தலை என்று. செத்தபோது பட்டியல் இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. தெரிந்தவர்களுக்கும் காகிதம் இல்லை, தெம்பு இல்லை. குழியில் போட்டார்கள், ஆற்றில் விட்டார்கள், குவித்து எரித்தார்கள். பிற்காலத்தில் காஞ்சனபுரியில் நிலத்தைத் தோண்டியபோது கூட்டம் கூட்டமாக எலும்புகள் கிடைத்தன. அவை யாருடையவை என்று சொல்ல ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

1944-ல் ஜப்பான் ராணுவமே குவாய் ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் இறந்தவர்களுக்கு ஒரு நினைவுத் தூண் வைத்தது. பல மொழிகளில் வாசகம் இருக்கிறது, தமிழிலும் இருக்கிறது. தமிழர்கள் செத்தது கட்டியவர்களுக்கே தெரியும் என்பதற்கு அதுவே சாட்சி. அதிலும் ஆள் பேர் கிடையாது. 1957-ல் அந்தப் பாலத்தைப் பற்றி ஆங்கிலப் படம் வந்து உலகமெல்லாம் ஓடியது. பார்த்தவர்கள் வெள்ளைக்காரக் கைதிகள்தான் பாதையைப் போட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். 1967-ல் ஜப்பான் நம் நாட்டோடு ஓர் உடன்படிக்கை செய்து 25 மில்லியன் வெள்ளி மதிப்புக்கு உதவி கொடுத்தது. அது நாட்டுக்குக் கொடுத்தது. சிவப்புப் புடவை போர்த்தி அனுப்பின வீட்டுக்கு வந்தது இல்லை.

நம்ம பக்கம் யாருமே செய்யவில்லை என்று சொல்லக்கூடாது. ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று நாவல் எழுதினார். அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' எழுதினார். சீ. அருண் வரலாற்றைத் தேடித் தொகுத்தார். 'டெத் ரயில்வே இண்டரஸ்ட் குரூப்' என்ற மலேசியக் குழு, உயிரோடு இருந்தவர்களைத் தேடிப் போய் வாய்மொழியைப் பதிவு செய்தது. 2023 மே மாதம் காஞ்சனபுரியில் தமிழர்களுக்காக ஒரு நடுகல்லும் எழும்பியது. காட்டில் நட்ட கல்லைத் தூக்கிவர முடியாமல் விட்டு வந்தவர்களுக்கு, எண்பது வருஷம் கழித்து ஒரு கல். இதையெல்லாம் செய்த நல்ல உள்ளங்களுக்குத் தலை வணங்குகிறோம்.

ஆனா அந்தக் கல்லிலே எழுத ஆள் பேரை யார் கொடுப்பது? அரசாங்கத்துக்கிட்ட இல்லை, ஜப்பான்காரன்கிட்ட இல்லை. மிச்சம் இருக்கிற ஒரே ஏடு நம்ம வீட்டுப் பெரியவங்க ஞாபகம்தான். அப்பா போனப்ப அஞ்சு வயசா இருந்த பிள்ளைக்கு இப்ப என்ன வயசுன்னு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க.

கோயில் என்ன செய்ய முடியும்?

பாட்டி கேட்டதை நான் நம்ம குருக்களிடம் கேட்டேன். அவர் சொன்னது: இறந்த திதி தெரியாதவங்களுக்கு மகாளய அமாவாசை அன்னிக்குக் கொடுக்கலாம். எங்கே போனாங்க, என்ன ஆனாங்கன்னே தெரியாதவங்களுக்கும் அன்னிக்குக் கொடுக்கலாம். கொடுக்கப் பிள்ளை இல்லாம, வம்சம் இல்லாமப் போனவங்களுக்கு யார் வேணும்னாலும் எள்ளும் தண்ணியும் விடலாம். அதுக்குக் காருண்ய தர்ப்பணம்னு பேர். கிராணி எழுதினாரே, கல்யாணம் ஆகாதவங்க, சொந்தபந்தம் இல்லாதவங்க, அவங்களுக்கு நம்மளை விட்டா யாரு?

எங்கே செத்தாங்கன்னு தெரியலையேன்னு தயங்க வேண்டாம். தர்ப்பணத்துக்குக் கல்லறை தேவையில்லை. சங்கல்பத்துல பேரைச் சொல்லணும், அவ்வளவுதான். நம்ம முறையில பேரைச் சொல்றதுதான் சோறு போடுறதுக்குச் சமம்.

அதனால இந்த வருஷம் கோயில் அலுவலகத்துல ஒரு தனி நோட்டுப் புத்தகம் வைக்கிறோம். நிர்வாகம் ஒத்துக்கிட்டாங்க. உங்க வீட்டுல சயாமுக்குப் போய் வராதவங்க இருந்தா வந்து எழுதுங்க. அமாவாசை அன்னிக்குக் காலையிலே அந்தப் பேர்களை எல்லாம் ஒவ்வொண்ணா வாசிச்சு, பொதுவா தர்ப்பணம் செய்வோம். சாயங்காலம் மோட்ச தீபம். இதுக்குக் கட்டணம் எதுவும் கிடையாது. நோட்டுப் புத்தகம் அதுக்கப்புறமும் கோயில்லயே இருக்கும். அடுத்த வருஷமும் வாசிப்போம்.

எழுத வர்றதுக்கு முன்னாடி வீட்டுப் பெரியவங்ககிட்ட இதையெல்லாம் கேட்டுக்கிட்டு வாங்க:

பேர் என்ன? வீட்டுல கூப்பிட்ட பேர் என்ன? "சின்னான்", "கட்டையன்"ன்னு பட்டப்பேர் மட்டும்தான் தெரியும்னாலும் பரவாயில்லை.

எந்தத் தோட்டம்? தோட்டத்துக்குத் தமிழ்ப் பேர் இருந்திருக்கும், அதையும் கேளுங்க. இப்ப அந்தத் தோட்டம் தாமானா மாறியிருக்கலாம், செம்பனைக் காடா மாறியிருக்கலாம்.

யார் மகன், யார் மகள்? கூடப் போனவங்க யாரு? ஒருத்தர் பேர் சொன்னா இன்னும் நாலு பேர் வெளியே வருவாங்க.

பெண்கள், குழந்தைகள் போயிருந்தா அவங்களையும் மறக்காம எழுதுங்க. "குடும்பத்தோட போனாங்க"ன்னு ஒரே வரியில முடிச்சிடாதீங்க.

போய்த் திரும்பி வந்தவங்க பேரையும் எழுதுங்க. அவங்களும் முழுசா திரும்பி வரலை.

பெரியவங்க பேச மாட்டேன்னா வற்புறுத்த வேண்டாம். பக்கத்துல உட்காருங்க. கேட்டதுக்கு அன்னிக்கே பதில் வராது. ரெண்டு நாள் கழிச்சு, சம்பந்தமே இல்லாம, சாப்பிடுறப்ப சொல்வாங்க. கேட்கிறப்ப இன்னொரு விஷயத்தையும் மனசுல வைங்க. யார் எழுதிக் கொடுத்தாங்க, யார் காட்டிக் கொடுத்தாங்கன்னு தேடுறது நம்ம வேலை இல்லை. எழுதிக் கொடுத்தவரோட பேரப்பிள்ளையும் இதே கோயில்ல பாத்திரம் கழுவுறார். ஜப்பான்காரங்க மேல இப்ப நமக்குக் கோபமும் இல்லை. நமக்கு வேண்டியது போனவங்க பேர் மட்டும்தான்.

நம்ம வீட்டுல யாரும் போகலைன்னு சொல்றவங்களும் வாங்க. வம்சமே இல்லாமப் போனவங்களுக்கு ஒரு கை எள்ளுத் தண்ணி விடுங்க. பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க. பேர் வாசிக்கிறப்ப அவங்க காதுல விழட்டும்.

பாட்டி தன் அப்பா பேரை முதல் ஆளா வந்து எழுதிட்டாங்க. அவங்களுக்குக் கண் சரியாத் தெரியாததால நான்தான் எழுதினேன். "வயசு என்ன போடட்டும் பாட்டி?"ன்னு கேட்டேன். கொஞ்சம் யோசிச்சுட்டு, "இருபத்தெட்டு"ன்னாங்க.

இரண்டாவது வரி காலியா இருக்கு. வாங்க.

எல்லாருக்கும் அம்மன் அருள் கிடைக்கட்டும்.